நாற்பத்தெட்டில் ஒரு பங்கு

சிவகாசி அச்சகங்களில் லென்ஸ் இல்லாத மேசையைப் பார்க்க முடியாது. மெஷினிலிருந்து வந்த தாளை வெளிச்சத்தில் விரித்து, ஓரத்துக் கூட்டல்குறிமேல் லென்ஸை வைத்து, நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நான்கும் ஒரே கோட்டில் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். முடியளவு விலகியிருந்தாலும் ‘ரிஜிஸ்டர் அவுட்’தான். பட்டாசுப் பெட்டிமேல் சிரிக்கிற குழந்தையின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும். அதே லென்ஸை ஒரு சின்ன வட்டத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. இந்திய விமானப்படையின் அடையாள வட்டம் இது, மாதிரி விமானத்தின் இறக்கையில் ஒட்டுவதற்காக அச்சிட்டது. காவி புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மஞ்சளையும் மெஜந்தாவையும் கலந்து நான்கு வண்ணத்தில் அடித்திருக்கிறார்கள். ஒரே பரப்பாகத் தெரிந்தால் காவிக்கென்று தனியாக மை கலந்து ஸ்பெஷல் கலரில் அடித்திருக்கிறார்கள். புள்ளி விழுந்த காவி, இறக்கையில் ஏறியதும் வெளிறிப்போகும், வட்டத்தின் விளிம்பும் பிசிறடிக்கும். ஸ்பெஷல் கலரில் அடித்தது கத்தியால் வெட்டி வைத்ததுபோல நிற்கும்.

மாதிரி விமானம் கட்டுகிறவர்கள், பாகங்கள் அடங்கிய கிட்டோடு வரும் ஸ்டிக்கரை ஒதுக்கிவிட்டு, தனியாகப் பணம் கொடுத்து வேறொரு கம்பெனியின் டிகால் தாளை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுத்தாளை, வாங்குவது எதற்காக என்று கேட்பவர்களுக்கு இந்த லென்ஸ்தான் பதில். பைக்குக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் வாங்குகிற மாதிரிதான் வெளிப்பார்வைக்குத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தக் கூடுதல் பாகங்களில் பெரும்பாலானவை அச்சுத்தொழிலின் வயிற்றில் பிறந்தவை. அதனால் இந்தப் பொழுதுபோக்கை விளக்குவதற்குச் சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு விமானம் வேண்டும். மிக்-21 பைசனை எடுத்துக்கொள்கிறேன். 1963-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த மிக்-21 வகை, 62 ஆண்டுகள் பறந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. பைசன் என்பது அந்த வகையின் கடைசி வடிவம். மிக்-21 பிஸ் என்ற ரகத்தில் 125 விமானங்களைப் புதுப்பிக்க 1996-இல் ஒப்பந்தம் போட்டார்கள். புதிய ராடார், விமானியின் கண்ணெதிரே எண்கள் ஒளிரும் கண்ணாடி, டயல்களுக்கு நடுவே ஒரு திரை, ஆர்-73 ஏவுகணை, எதிரி ராடாரை ஏமாற்றத் தூவும் துணுக்குகளுக்கான பெட்டிகள் எல்லாம் சேர்ந்தன. தமிழ்நாட்டைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் 2019 பிப்ரவரி 27 அன்று வான்சண்டையில் ஓட்டிச் சென்றது இந்த ரகத்தைத்தான். 51-ஆம் ஸ்குவாட்ரனின் அந்த விமானத்தின் எண் சி.யு. 2328. அதைத் தன் மேசைமேல் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நம்மூர்ப் பையன் ஒருவன் ஆசைப்பட்டால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்?

முதலில் அளவு. 1/48 என்றால் அசலில் ஓர் அடி மாதிரியில் கால் அங்குலம். மிக்-21இன் இறக்கை முனைக்கு முனை 7.15 மீட்டர். அது மாதிரியில் 15 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். ஆர்-73 ஏவுகணை அசலில் 2.9 மீட்டர் நீளம், 17 சென்டிமீட்டர் குறுக்களவு. மாதிரியில் நீளம் 6 சென்டிமீட்டர், பருமன் மூன்றரை மில்லிமீட்டர். இதுவரை சிக்கல் இல்லை. இரட்டைக் குழாய் பீரங்கிக்கு வரும்போதுதான் கணக்கு இடிக்கும். 23 மில்லிமீட்டர் குண்டு போகும் குழாயின் துளை, மாதிரியில் அரை மில்லிமீட்டர்கூட வராது. சக்கர அறைக் கதவின் தகடு அசலில் சில மில்லிமீட்டர் தடிமன்தான். அதை 48-ஆல் வகுத்தால் காகிதத்தைவிட மெலிந்த ஒன்று வர வேண்டும்.

பிளாஸ்டிக்கால் அது முடியாது. கிட்டில் வரும் பாகங்கள் பாலிஸ்டைரீன். இரண்டு பாதிகளாகத் திறக்கும் எஃகு அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்தி ஆறவைத்து எடுப்பார்கள். செலுத்தும் குழம்பு மூலைமுடுக்கெல்லாம் ஓடிச் சேர வேண்டுமென்றால் வழி ஓரளவு அகலமாக இருந்தாக வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்தாலே அசல் அளவில் அது 24 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலக் கனத்தில் கதவு. இன்னொரு தடையும் உண்டு. அச்சு திறக்கும்போது பாகம் மாட்டிக்கொள்ளாமல் வெளியே வர வேண்டும். ஆகவே உட்புறம் குடைந்த வடிவங்களைச் சாதாரண அச்சில் எடுக்க முடியாது. இருக்கையின் பக்கவாட்டில் தொங்கும் பட்டைக்கும் இருக்கைக்கும் நடுவே இடைவெளி இருக்காது. இரண்டும் ஒரே கட்டியாக வரும். இதைக் கிட் கம்பெனியின் சோம்பல் என்று சிலர் திட்டுவதுண்டு. அது நியாயம் இல்லை. பொருளும் முறையும் விதிக்கிற எல்லை அது.

எல்லை எங்கே முடிகிறதோ அங்கே கூடுதல் பாகம் தொடங்குகிறது. நான்கு குடும்பங்களாக அவை வரும். எட்சிங் செய்த பித்தளைத் தகடு, ரெசின் வார்ப்பு, கடைசல் பிடித்த உலோகம், டிகால். முகமூடி ஸ்டிக்கர், முப்பரிமாண அச்சு என்று புதிதாக வந்தவையும் உண்டு. இவற்றுள் பித்தளையிலும் டிகாலிலும்தான் எனக்கு நின்று பேச விஷயம் இருக்கிறது.

பித்தளைத் தகடு எப்படி உருவாகிறது என்று பழைய அச்சகத்துக்காரரிடம் சொன்னால், இது நம் பிளாக் மேக்கிங் வேலைதானே என்பார். எழுத்தச்சுக் காலத்தில் ஒரு படத்தைப் பத்திரிகையில் போட வேண்டுமென்றால் அதை ஃபிலிமாக்கி, ஒளிபட்டால் இறுகும் பூச்சுத் தடவிய துத்தநாகத் தகட்டின்மேல் வைத்து வெளிச்சம் காட்டி, இறுகாத இடத்தைக் கழுவிவிட்டு, அமிலத்தில் அமிழ்த்துவார்கள். பூச்சு இருக்கும் இடம் தப்பும், இல்லாத இடத்தை அமிலம் தின்னும். மாதிரி விமானத்தின் பித்தளையும் அதே வழிதான். துத்தநாகத்துக்குப் பதில் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரையுள்ள பித்தளைத் தகடு, அமிலத் தொட்டிக்குப் பதில் ஃபெரிக் குளோரைடு. பிளாக்கில் ஒரு பக்கம் மட்டும் அரித்தால் போதும். இங்கே இரண்டு பக்கமும் ஃபிலிம் வைத்து இரண்டு பக்கமும் அரிக்கிறார்கள். இரு பக்கமும் திறந்திருக்கும் இடம் அறுந்து ஓட்டையாகும். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் பாதி ஆழத்தோடு நிற்கும். அந்தப் பாதி ஆழக் கோடுதான் மடிப்புக் கோடு. அதன்மேல் பிளேடை வைத்து மடக்கினால் தகடு ஒழுங்காக மடிந்து பெட்டியாகும். இரண்டு பக்கத்து ஃபிலிமும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் விளிம்பில் படிக்கட்டுபோல ஒரு நாக்கு துருத்தும். ரிஜிஸ்டர் இங்கேயும் விடுவதில்லை.

இந்த முறைக்குப் பெரிய முதல் தேவைப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஃகு அச்சு ஒன்றை வெட்டப் பெரும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் கிட் விற்றால்தான் அது மீளும். ஃபிலிமும் அரிப்புத் தொட்டியும் சிறு பட்டறைக்குக்கூட எட்டும். செக் நாட்டின் எடுவார்ட் நிறுவனம் 1989-இல் இத்தகைய எட்சிங் பாகங்களில் தொடங்கி வளர்ந்ததுதான். பிறகு தானே கிட் போடும் நிலைக்கு வந்து, 2011-இல் 1/48 மிக்-21 எம்.எஃப். கிட்டை வெளியிட்டது, பிஸ் ரகம் அதற்குப் பின்னால் வந்தது. தொழில் எப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கிறது என்பதைச் சிவகாசிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்கு லித்தோ அச்சு தேவைப்பட்டது. பெட்டியின் துணைப்பாகமாக வந்த அச்சு தனித்தொழிலாகி, இன்று காலண்டரும் டைரியும் பாடநூலும் அடிக்கிறது.

பித்தளையை எங்கே வைக்கலாம்? இருக்கைப் பட்டைகளின் கொக்கிகள், காக்பிட்டின் பக்கச் சுவிட்சுப் பலகைகள், சக்கர அறைக் கதவுகளின் உட்பக்கம், வாலோரம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்கள். கொக்கியைக் கையில் எடுக்கும்போது வேலையின் அளவு புரியும். எறும்புத் தலை அளவில் ஒரு சட்டம், நடுவே முடியளவில் ஒரு குறுக்குக் கம்பி. தகட்டுச் சட்டத்திலிருந்து அதை வெட்டியதும் இடுக்கியில் சற்று அழுத்தம் கூடினால் தெறித்து எங்கோ போய்விடும். கட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு உட்கார்வார்கள். ஃபெவிக்விக்கை நேராகச் சொட்டவிடக் கூடாது. ஊசி முனையில் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பசை பித்தளையைப் பிடிக்காது. அந்தப் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கிற திரவம். உலோகத்தில் கரைக்க எதுவும் இல்லை.

ரெசின் வார்ப்பு குடைந்த வடிவங்களுக்கானது. அசல் பாகத்தைச் சுற்றிச் சிலிகான் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அதற்குள் இரண்டு திரவம் கலந்த பாலியூரித்தேனை ஊற்றுவார்கள். ரப்பர் வளைந்து கொடுக்கும் என்பதால் பட்டைக்கு அடியில் இடைவெளியும், குஷன் மடிப்பும், கைப்பிடி வளையமும் அப்படியே வரும். ரப்பர் சில பத்து வார்ப்புகளில் தேய்ந்துவிடும். புதிதாக அச்செடுக்க வேண்டும். ஆகவேதான் விலை அதிகம். மிக்-21இன் கே.எம்.-1 வெளியேற்ற இருக்கைக்கு நல்ல ரெசின் வார்ப்பு கிடைக்கிறது. பைசனாக மாற்ற நினைக்கிறவருக்கு முக்கியமான பாகம் வேறு. பழைய பிஸ் விமானத்தின் முன்கண்ணாடியில் சட்டங்கள் இருக்கும். பைசனில் சட்டமில்லாத ஒற்றைக் கண்ணாடி. இதை மாற்றாமல் எவ்வளவு ஏவுகணை தொங்கவிட்டாலும் அது பைசன் ஆகாது.

ரெசினை அறுக்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், மூக்குக் கவசம் கட்டாயம். தூள் என்றால் என்ன செய்யும் என்று தெரிந்த ஊர் இது. பட்டாசு மருந்து கலக்கும் அறையில் இரும்புக் கருவி கூடாது, பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும், தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற விதிகள் எத்தனை உயிர்களைக் கொடுத்துப் பெற்ற பாடம் என்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். மேசைமேல் செய்யும் சிறு வேலைதானே என்ற அலட்சியம் இந்த மாவட்டத்துக்காரருக்கு வரக் கூடாது.

கடைசல் பிடித்த உலோகத்துக்கு மிக்-21இன் மூக்கே போதுமான எடுத்துக்காட்டு. அதிலிருந்து நீண்டு வரும் பிட்டோ குழாய் காற்றின் வேகத்தை அளப்பது. பிளாஸ்டிக்கில் அது வளையும், அல்லது சட்டை நுனி பட்டு உடையும். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் பித்தளைக் கம்பியை லேத்தில் படிப்படியாக மெலியவைத்துக் கடைந்து தருகிறது. என்னைக் கேட்டால் மிக்-21 கட்டுகிறவர் வேறெதையும் வாங்காவிட்டாலும் இதை வாங்க வேண்டும். பார்க்கிறவர் கண் முதலில் போவது மூக்கு நுனிக்குத்தான். அந்தக் கூர்மை சரியாக இருந்தால் மற்ற இடத்துக் குறைகளைக் கண் மன்னித்துவிடும்.

எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும் என்றும் இல்லை. சக்கர அறைக்குள் ஓடும் எண்ணெய்க் குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கிணற்று மோட்டார் நம்பி வாழும் இந்தக் கரிசல் காட்டில் அந்தக் கடை இல்லாத ஊர் அபூர்வம். எரிந்த காயிலிலிருந்து உருவிய மெல்லிய கம்பியைக் கேட்டால் கொடுப்பார்கள். பீரங்கிக் குழாய்க்கு மருந்துக்கடையில் கிடைக்கும் மிக மெல்லிய ஊசியை வெட்டிக்கொள்ளலாம். மூக்குக் கூம்புக்குள் எடை வைக்கத் தூண்டில் ஈயக்குண்டு. இந்த எடையை மறந்தால், பின்பக்கம் கனமான ரெசின் எஞ்சின் வாய் வைத்த மாதிரி, மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டியபிறகு உள்ளே ஈயம் வைக்க வழியும் இருக்காது.

ஒட்டுவதற்கு முன் நடக்கும் போராட்டத்தைக் கூடுதல் பாகம் விற்பவர்களின் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. ரெசின் காக்பிட் தொட்டி, கிட்டின் பிளாஸ்டிக் தொட்டியைவிட நுணுக்கமாக இருக்கும். பக்கச்சுவர் கொஞ்சம் தடிமனாகவும் இருக்கும். உள்ளே வைத்து மூடினால் இரண்டு பாதிகளும் சேராது. வாட்டர் பேப்பரால் பிளாஸ்டிக் சுவரை உட்பக்கமிருந்து தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்து, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சுவர் வெளிச்சத்தை உள்ளே விடும் அளவுக்கு மெலிந்திருக்கும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஒரு இழுப்பு இழுத்தால் வெளிப்பக்கம் ஓட்டை விழும். சேர்ந்த பிறகு மேலே ஓடும் கோட்டில் புட்டி வைத்துத் தேய்த்து மறைத்தால், அந்த இடத்தில் இருந்த தகட்டுக் கோடுகளும் ஆணி வரிசைகளும் சேர்ந்து அழிந்துபோகும். அவற்றை ஊசிமுனையால் திரும்பக் கீற வேண்டும். ஒரு பாகம் கூடினால் வேலை ஒன்று கூடுவதில்லை, நான்காகக் கூடுகிறது. கடையில் கிடைக்கும் அத்தனை செட்டையும் ஒரே கிட்டுக்கு வாங்கிக் குவித்தவர்களின் மாதிரிகள் பல, பாதியில் பெட்டிக்குள் முடங்குவதற்குக் காரணம் இதுதான். மூடிய அறைக்குள் எஞ்சினும், திறக்காத கதவுக்குப் பின்னால் பீரங்கி அறையும் வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கண் போகும் இடத்துக்குப் பணம் போகட்டும்: மூக்கு நுனி, காக்பிட், சக்கரம், டிகால்.

வண்ணம். பைசன் பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். எஞ்சின் வாயைச் சுற்றியுள்ள வால் பகுதி மட்டும் சூட்டில் வெந்த வெற்று உலோகம். அந்த உலோகப் பளபளப்புக்கு வாங்கும் பெயின்டுக்குள் இருப்பது மிக நுண்ணிய அலுமினியச் செதில்கள். பட்டாசில் வெள்ளி வெளிச்சமாகச் சிதறுவதும் அலுமினியம்தான். மருந்து கலக்குகிறவர்கள் வேலை முடிந்து வரும்போது கையும் முகமும் வெள்ளி பூசியதாக மினுங்குவதைப் பார்த்தவர்களுக்கு, பெயின்டில் செதில்கள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று படுத்து ஒளியைத் திருப்புகின்றன என்று விளக்கவே வேண்டாம். ஆனால் பட்டாசு அலுமினியப் பவுடரை வீட்டுக்குக் கொண்டுவந்து தின்னரில் கலக்கும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. காற்றில் பறக்கும் நுண்ணிய அலுமினியம் வெடிமருந்து. ஒரு டப்பி பெயின்ட் வாங்கும் காசு பெரிதல்ல.

ஏர்பிரஷ் பிடிக்கிறவருக்கு இங்கத்திய வெயில் நண்பனும் எதிரியும். மழை குறைந்த, காய்ந்த காற்று உள்ள ஊர் என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. அடித்த பெயின்ட் சீக்கிரம் காய்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் குழலிலிருந்து புறப்பட்ட துளி, பாகத்தில் போய்ச் சேர்வதற்குள்ளேயே காய்ந்து தூளாகப் படியும். பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். விடிகாலையில் அடிப்பதும், காய்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சில துளி சேர்ப்பதும்தான் வழி. பரப்பு வழவழப்பாக அமைய வேண்டியது எதற்காக என்பது டிகாலில் தெரியும்.

டிகால் தாள் பல அடுக்கு. கீழே தாள், அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் தெளிவான வார்னிஷ் படலம், அதன்மேல் வெள்ளை மை, கடைசியில் நிறங்கள். வெள்ளையை ஏன் அடியில் போட வேண்டும்? தாளில் அச்சிடும்போது வெள்ளை தாளிலிருந்தே கிடைத்துவிடுகிறது. மஞ்சள் மை பளிச்சென்று தெரிவது அடியிலுள்ள தாள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால். சாம்பல் இறக்கையில் ஒட்டும்போது அடியில் தாள் இருக்காது. காவி, சாம்பலோடு கலந்து மண் நிறமாகிவிடும். ஆகவே நிறத்துக்கு அடியில் வெள்ளை வேண்டும். அந்த வெள்ளை, காவியைத் தாண்டி முடியளவு வெளியே வந்தால் வட்டத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியும். இந்திய வட்டத்தில் இது இன்னும் கஷ்டம். நடுவளையமே வெள்ளை என்பதால், காவியோ பச்சையோ சற்று நகர்ந்தால் வளையம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து பிறைபோல ஆகிவிடும். வெளிநாட்டுக் கம்பெனிகளின் தாள்களிலும் இந்தப் பிறை விழுவதுண்டு. பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

எச்சரிக்கை எழுத்துகள் தனி உலகம். ஏணி வைக்கும் இடம், மிதிக்கக் கூடாத இடம், எரிபொருள் ஊற்றும் வாய் என்று உடல் முழுக்கக் குறிப்புகள். அசலில் ஓர் அங்குல எழுத்து, மாதிரியில் அரை மில்லிமீட்டர் உயரம். தீப்பெட்டி லேபிளின் ஓரத்தில் இருக்கும் மிகப்பொடி எழுத்தைவிடவும் பொடி. இதைப் படிக்கும்படி அச்சிட்டவரின் பிளேட்டும் மையும் மெஷினும் எவ்வளவு கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும் என்று ஓர் ஆஃப்செட் ஆபரேட்டரிடம் கேட்டால், அவர் அந்தத் தாளைக் கீழே வைக்க மாட்டார்.

ஒட்டும் முறை எளிது, பொறுமை மட்டும் தேவை. வழவழப்பான வார்னிஷ் பூசிய பரப்பில்தான் ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் படலத்துக்கு அடியில் காற்று சிறைப்பட்டு, காய்ந்ததும் வெள்ளிநிறத் திட்டாகத் தெரியும். வெட்டிய டிகாலைத் தண்ணீரில் நனைத்துச் சற்று நேரம் விட்டால் பசை இளகி, விரலால் தள்ளினால் நகரும். பிரஷால் இறக்கைமேல் சரித்து, ஓரத்திலிருந்து தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, படலத்தை மென்மையாக்கும் திரவத்தைத் தடவினால் அது சுருங்கி, பயமுறுத்தி, பிறகு தகட்டுக் கோடுகளுக்குள் இறங்கிப் படிந்துவிடும். சுருங்கியிருக்கும் நேரத்தில் தொடவே கூடாது. தண்ணீர் விஷயத்தில் நம் பக்கத்துக்காரர் கவனமாக இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தபின் டிகாலைச் சுற்றி வெள்ளைக் கறை கட்டும். கேன் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ பயன்படுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் பார்த்து நகர்த்துவதற்குள் பசை பிடித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் புகைப்படம் வேண்டும். எந்த விமானம், எந்த ஆண்டு, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று தெரிந்த படம். எண்ணின் எழுத்து வடிவம், ஸ்குவாட்ரன் சின்னம் இருக்கும் இடம், அன்றைக்கு எந்தத் தாங்கியில் எது தொங்கியது, எல்லாமே விமானத்துக்கு விமானம் மாறும். மிக்-21 என்ற பொதுப்பெயரில் ஒரு மாதிரி கட்டுவது கிட் வாங்கிய யாராலும் முடியும். குறிப்பிட்ட ஒரு நாள் ஓடுபாதையில் நின்ற குறிப்பிட்ட ஒரு விமானத்தைக் கட்டுவதற்குத்தான் இத்தனை கூடுதல் பாகமும். அந்த ஒன்றை ஓட்டியவருக்கும் அதைத் தரையில் பராமரித்தவர்களுக்கும் செய்யும் மரியாதையாகவே நான் இதைப் பார்க்கிறேன். மிக்-21கள் ஓய்வு பெற்றுவிட்ட நிலையில் அந்தப் படங்களைத் தேடி, தேதியோடு குறித்து வைப்பதும் அவசர வேலையாகிவிட்டது.

அப்படியென்றால் சிவகாசியில் ஓர் அச்சகம் இந்திய விமானப்படை டிகால் தாளை அடிக்க முன்வந்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காவி, பச்சை, கருப்பு, சாம்பல்: நான்கு யூனிட் மெஷினில் வழக்கமான நான்கு மைக்குப் பதிலாக இந்த நான்கையும் ஸ்பெஷல் கலராக ஏற்றிவிடலாம். ஆஃப்செட்டில் வெள்ளை மெலிதாகத்தான் விழும். அதைத் திரை அச்சில் அடித்துக்கொள்ள இதே ஊரில் ஸ்கிரீன் பிரின்டிங் யூனிட்டுகள் இருக்கின்றன. பசைத்தாளுக்கு ஆஃப்செட்டின் ஈரம் ஆகாது. ஆகவே வார்னிஷ் படலத்தையும் முதலில் திரையில் அடித்துக் காயவைத்து, வெள்ளையைப் போட்டு, பிறகு மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். தாள் சுருங்காமல் இருந்தால்தான் ரிஜிஸ்டர் நிற்கும் என்பதால் இரண்டு வேலைக்கும் இடையே தாளை ஒரே அறையில் வைத்திருக்க வேண்டும். இவை எதுவும் இங்கத்திய ஆட்களுக்குத் தெரியாத வேலை கிடையாது.

தடை எண்ணிக்கையில்தான் இருக்கிறது. பிளேட் போட்டு, மை சரிபார்த்து, மேக்கரெடி முடிக்கிற செலவு இருநூறு தாளுக்கும் இருபதாயிரம் தாளுக்கும் ஒன்றே. ஒரு விமானத்தின் டிகாலை மட்டும் அடித்தால் விலை கட்டாது. லேபிள்காரர்கள் செய்வதுபோலப் பல வேலைகளை ஒரே தாளில் அடுக்க வேண்டும். ஒரு மூலையில் 51-ஆம் ஸ்குவாட்ரனின் பைசன். இன்னொன்றில் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோனின் 18-ஆம் ஸ்குவாட்ரன் நாட் விமானம். அதே 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் கோவை சூலூரில் மறுபடி உயிர்பெற்றபோது எடுத்துக்கொண்ட தேஜஸ் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் ஒரே வட்டம், ஒரே காவி, ஒரே பச்சை. அளவு மட்டும் வேறு. ஆடிப்பெருக்கில் தொடங்கும் காலண்டர் சீசனில் இதற்கெல்லாம் எந்த மெஷினும் ஒழியாது. தை பிறந்து கூட்டம் தணிந்தபின் ஒரு ஷிஃப்ட் கிடைத்தால் போதும்.